கிளம்புமுன் வந்த கார்

எங்கள் ஊரான வெள்ளக்கல்லில் ஒரு கார், தான் கிளம்புவதற்குப் பதினேழு நிமிடம் முன்பாகவே திரும்பி வந்து சேர்ந்தது. அதை முதலில் பார்த்தவர் டீக்கடை லாரன்ஸ். சேறு படிந்த சக்கரங்களோடு கார் வந்து நிற்பதையும், அதிலிருந்து மெக்கானிக் சவரிநாதன் இறங்குவதையும், அதே சமயம் எதிர் ஷெட்டுக்குள் அதே சவரிநாதன் அதே காரின் பானெட் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டு, அவர் செய்ததெல்லாம் பாய்லருக்கு அடியில் இன்னொரு டம்ளரை வைத்ததுதான்.

எங்கள் ஊர் சேர்வராயன் மலையின் ஒரு மடிப்பில் இருக்கிறது. நடுவில் சந்தைத் திடல், திடலைச் சுற்றிக் கடைகள், ஒரு சுகாதார நிலையம், மேலே மேட்டில் மாதா கோயில். சேலத்துக்கு இறங்குகிறவர்கள் திடலின் கீழ்முனையிலிருந்து கீழ்ரோட்டில் இறங்குவார்கள். ஏறி வருகிறவர்கள் மேல்ரோட்டில் வந்து, கோயில் மேட்டைக் கடந்து, சரிவில் திடலுக்குள் நுழைவார்கள். இரண்டு ரோட்டிலும் எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை என்பதால், யார் போட்ட சட்டம் என்று தெரியாமலே நாங்கள் எல்லோரும் அதைக் காத்துவந்தோம்.

அந்தக் கார் ஏதோ ஒரு காலத்தில் ஒரு காப்பி எஸ்டேட் துரை கப்பலில் வரவழைத்தது. இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது, அறுநூறு கிலோகூட இல்லை. மூலைக்கு இரண்டு பேராகப் பிடித்தால் கல்யாண வீட்டு அண்டாவைப் போலத் தூக்கி வேறிடத்தில் வைத்துவிடலாம். நாற்பது வருடம் காப்பிக் குடோனில் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. எஸ்டேட்டின் கடைசி வாரிசு ஊரைவிட்டுப் போன அன்று, பழம் அரைக்கும் மெஷினைப் பழுது பார்க்க வந்திருந்த சவரிநாதனிடம், வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று குடையை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

அதன் பழைய என்ஜின் வெறும் இரும்புப் பாறை. நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தொட்டாலே மூச்சிரைக்கும், அதுவும் விரிசல் விட்டிருந்தது. சவரிநாதன் அதை இறக்கி வைத்துவிட்டு, மரம் விழுந்து பின்பாதி நசுங்கிப்போன ஒரு ஜப்பான் காரிலிருந்து கழற்றிய என்ஜினைக் கொண்டுவந்தான். ஒன்பதாயிரம் சுற்று சுற்றுகிற என்ஜின், கையில் பிடித்தால் முயல்போல எடை. ஆனால் முயலாக இருந்தாலும் அதற்கென்று ஒரு பொந்து வேண்டுமே. புது என்ஜினும் பழைய கியர்பாக்ஸும் ஒன்றையொன்று அறியாத இரண்டு வீட்டுச் சம்பந்திகள். நடுவில் ஒரு தகடு வைத்துத்தான் இரண்டையும் பேசவைக்க முடிந்தது. அந்தத் தகட்டை அறுத்தவளும், என்ஜினைத் தாங்கும் கால்களைக் காரின் அடிச்சட்டத்தோடு பற்றவைத்தவளும் சவரிநாதனின் மனைவி மரியபுஷ்பம். சேலைக்கு மேல் புருஷனின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் தீப்பொறி பறக்க உட்கார்ந்திருந்த பதினாலு மாதமும் எங்கள் திடலில் மழைக்கால மின்னல் ஓயவில்லை.

அவன் ஆறடி, அவள் அவன் நெஞ்சளவு. இருவரும் ஓட்டவேண்டும் என்பதற்காக, சீட் முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளத்தை அவளே செய்தாள். பல் பல்லாக அறுத்த தண்டவாளம். ஒவ்வொரு பல்லைக் கடக்கும்போதும் "டக்" என்று சொல்லும். அவனுக்குக் கடைசிப் பல். அவளுக்கு அங்கிருந்து ஒன்பது டக் முன்னால்.

"ஓடறதுக்கு எல்லாம் செஞ்சாச்சு. நிக்கறதுக்கு?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"முன்னாடி புது பிரேக் போட்டிருக்கேன்ல."

"பின்னாடி?"

"பின்னாடி மாதா பாத்துக்குவா."

"மாதாவுக்கு லைசென்ஸ் இருக்குதுங்களா?" என்றாள் மரியபுஷ்பம். திடலே சிரித்தது.

இப்படித்தான் அந்தக் கார் ஓடத் தொடங்கியது, ஓடிய முதல் நாளே கிளம்புமுன் வந்தும் சேர்ந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மலையில் ஏன் என்று கேட்டால் மழை ஏன், மூடுபனி ஏன் என்று கேட்டுக்கொண்டே போகவேண்டியிருக்கும். சுற்று காட்டும் மீட்டரின் முள் எட்டாயிரத்தைத் தாண்டினால் கார் முன்கூட்டி வரும், தாண்டாவிட்டால் மற்ற வண்டிகளைப் போலப் பின்னால் வரும்; எவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவு முன்கூட்டி. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்திருந்தது, அது போதுமானதாகவும் இருந்தது. வந்த சவரிநாதனும் போகவேண்டிய சவரிநாதனும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பது மரியாதை என்று ஆனது. வந்தவன் டீக்கடையில் சுவரைப் பார்த்து உட்காருவான், போகிறவன் கிளம்பி வளைவில் மறைந்த பிறகு திரும்பி உட்காருவான். அதற்குமேல் ஒரே சவரிநாதன்தான், ஒரே கார்தான். இருவரில் யார் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்ற கேள்வி எழுந்தபோது, வேகமாக ஓட்டியவன் வந்தவன்தானே, அவனே செய்யட்டும் என்று பங்குச்சாமியார் தீர்ப்புச் சொன்னார்.

"எந்தச் சவரிண்ணனுக்கு டீ?" என்று லாரன்ஸ் கத்துவார்.

"தாகமா இருக்கிறவனுக்கு."

"ரெண்டு பேருக்கும் மூஞ்சி ஒண்ணுதானேண்ணா, நான் எதைக் கண்டேன்!"

ஒரு சங்கதியை மட்டும் நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மாதா திருவிழாவின் அசன விருந்துக்கு அரிசி போதவில்லை. சவரிநாதன் சேலத்திலிருந்து இரண்டு மூட்டையோடு முன்கூட்டியே வந்துவிட்டான். ஆனால் போகவேண்டியவனின் கிளட்ச் கம்பி அறுந்து, பொழுது சாயும்வரை அவனால் கிளம்ப முடியவில்லை. அதற்குள் சோறு வெந்து, பந்தி நடந்து, ஊரே இலை நிறையச் சாப்பிட்டது. சாப்பிட்டு எழுந்த ஊருக்கே பசித்தது. மறுபடி உட்கார்ந்தோம், மறுபடி பசித்தது. பிள்ளைகள் அழுதன. கம்பியை மாட்டி, கார் கீழ்ரோட்டில் இறங்கி, முதல் வளைவைக் கடந்த கணத்தில், அவரவர் நின்ற இடத்தில், நடந்த இடத்தில், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிறு நிறைந்தது. சிலர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கொண்டுவந்ததைப் போய்க் கொண்டுவந்தே தீரவேண்டும் என்பது அன்றிலிருந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

மார்கழி நாலாம் நாள். காப்பிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. பழம் பறிக்கிற தீர்த்தாயியை விரியன் கடித்துவிட்டது என்று, கம்பளியில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பின்னால் அவள் புருஷன் வெள்ளையன், அவளுடைய பழக்கூடையைக் கீழே போடத் தோன்றாமல் இடுப்பில் கட்டியபடியே ஓடிவந்தான். சுகாதார நிலையத்து நர்ஸ் அமலோற்பவம் கதவைத் திறந்தாள். தீர்த்தாயியின் பல் ஈறுகளில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. விஷமுறிவு மருந்தில் கடைசிக் குப்பி வரை போன வாரம் இரண்டு பேருக்குப் போட்டாகிவிட்டது.

"சேலத்துலேருந்து வரணும்," என்றாள் அமலோற்பவம். "ஜீப்போ ஆம்புலன்ஸோ, எப்படியும் மூணு மணி நேரம். இவளுக்கு ஒரு மணி நேரம் இருக்குது."

எல்லோரும் கோயில் சரிவின் பக்கம் திரும்பினோம். இப்படிப்பட்ட நேரங்களில் அப்படித் திரும்புவது எங்களுக்குப் பழகியிருந்தது. ஷெட்டுக்குள் சவரிநாதன் இன்னும் சாவியைக்கூடத் தேடியிருக்கவில்லை.

பனிக்குள்ளிருந்து கார் வந்தது. வந்துட்டாண்டா என்று லாரன்ஸ் கையைத் தட்டினார், தட்டிய கை பாதியில் நின்றது. என்ஜின் சத்தமில்லை. தேர் இறங்குவதுபோலச் சரிவில் மெதுவாக உருண்டு வந்த கார், திடலின் குடிநீர்க் குழாய்த் திண்டில் முட்டி நின்றது. வலதுபக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. பக்கத்து சீட்டில் பெல்ட்டு போட்டுக் கட்டிய மருந்துப் பெட்டி இருந்தது. ஓட்டுகிற சீட்டில் யாரும் இல்லை.

அமலோற்பவம் ஒருத்திதான் அசைந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். பத்துக் குப்பி மருந்து. மேலே அவள் கையெழுத்திலேயே, அவள் இன்னும் எழுதியிராத ஒரு சீட்டு. அதைப் படித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

சவரிநாதன் ஷெட்டிலிருந்து வந்தான். காலி சீட்டைப் பார்த்தான். எதையோ தேடுகிறவனைப் போலக் காருக்குள் குனிந்தான், சற்றுநேரம் குனிந்தே இருந்தான். பிறகு நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரி, நான் கிளம்பறேன்," என்றான்.

"சவரிண்ணா, போகாதீங்க," என்றார் லாரன்ஸ். "சொன்னாக் கேளுங்கண்ணா. காலி வண்டி வந்திருக்குது."

"போகாம? அரிசிக் கதை மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. மறக்காததால்தான் எங்களில் ஒருவரும் அவன் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. உள்ளே ஊசி ஏறியிருந்தது, தீர்த்தாயியின் ஈறில் ரத்தம் நின்றிருந்தது, அவள் மூச்சு சீராகியிருந்தது. அந்த மூச்சு ஒவ்வொன்றும் இன்னும் யாரும் போய் வாங்காத மருந்தில் ஓடிக்கொண்டிருந்தது. குப்பிகளின் மேல் ஒட்டிய காகிதத்தில் எழுத்து வெளிறுகிறது என்று அமலோற்பவம் ஜன்னலிலிருந்து சொன்னாள்.

எல்லோரும் வெள்ளையனைப் பார்க்காமல் இருக்க முயன்றோம். அவன்தான் பேசினான். "நான் யாரையும் போகச் சொல்லலீங்க," என்றான். "என் வாயால அதைச் சொல்ல மாட்டேனுங்க." சொல்லிவிட்டு, பழக்கூடையோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

சவரிநாதன் ஷெட்டுக்குள் போய், போகவேண்டிய காரில் ஏறி, சாவியைத் திருப்பினான். என்ஜின் பிடித்தது. பிடித்த கணத்தில் ஜன்னலிலிருந்து, "நிறுத்து! நிறுத்து! மருந்து வெறும் தண்ணியாப் போகுது! மறுபடி ரத்தம் வருது!" என்று அமலோற்பவம் அலறினாள். அவன் அணைத்தான். ரத்தம் நின்றது. மறுபடி சாவியைத் திருப்பினான், மறுபடி அலறல். மூன்றாவது தரம் திருப்பிவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். யாருமே போகாவிட்டால் மருந்து மெல்ல வெளிறும், அவன் போனாலோ உடனே தண்ணீராகும். அப்படியானால் போனது யார் என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

சுகாதார நிலையத்துக்குள், இவ்வளவு நேரம் ஜன்னலோரம் தீர்த்தாயியின் கால்களைப் பிடித்திருந்த மரியபுஷ்பம், கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி ஷெட்டுக்கு வந்தாள்.

"ஏங்க, வந்த கார்ல சீட்டை எதுக்குத் தள்ளினீங்க?"

"எந்தச் சீட்டை?"

"குனிஞ்சீங்களே, அப்ப. ஒம்பது டக்கு எண்ணினேன்."

"கதவு காத்துல அடிச்சிருக்கும்."

"கதவு ஒம்பது தரம் அடிக்குமாங்க?"

அவன் தலையைத் தூக்கவில்லை. சீட் அவளுடைய பல்லில் இருந்ததை அவன் பார்த்திருக்கிறான். வேறு யாரும் பார்க்குமுன், முக்கியமாக அவள் பார்க்குமுன், பின்னால் தள்ளி அதைத் தன்னுடையதாக ஆக்கப் பார்த்திருக்கிறான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவன் அவளிடம் சொன்ன பெரிய பொய் அதுவாகத்தான் இருக்கும்.

"இறங்குங்க," என்றாள்.

"மாட்டேன்."

"நீங்க போனா அவ செத்துருவா. யாரும் போகலைன்னாலும் செத்துருவா. நான் போனா என்ன ஆகும்?"

"அதான் வந்து நிக்குதே! கண்ணு தெரியலையா உனக்கு?"

"காலி சீட்டு தெரியுது. சீட்டுல ஆள் இல்லைங்கறது மட்டும்தான் தெரியுது. அதுக்கு மேல உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." குரலைத் தாழ்த்தினாள். "தெரியாத இடத்துக்குத்தாங்க போகமுடியும். தெரிஞ்ச ரெண்டு இடமும் சாவா இருக்குது."

அவன் இறங்கினான். இறங்கி, காரின் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றிக்கொண்டான். அவள் ஏறி, சீட்டை முன்னால் இழுத்தாள். இந்த முறை திடலில் இருந்த எல்லோரும் எண்ணினோம். அமலோற்பவம் பெட்டியோடு வந்த மருந்துச் சீட்டை எதிரில் வைத்துக்கொண்டு, எழுத்து மாறாமல், கை நடுங்கிய இடத்தில் நடுங்கி, அதேபோல ஒரு சீட்டு எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். மரியபுஷ்பம் சாவியைத் திருப்பினாள். ஜன்னலிலிருந்து அலறல் வரவில்லை. வெளிறியிருந்த எழுத்துகள் கறுத்து எழும்பின.

சவரிநாதன் பானெட்டின் மேல் குனிந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையெடுக்கும்வரை அவள் கிளட்சை விடவில்லை. என்னென்னவோ சொல்லவேண்டும் என்று அவன் வாய் கோணியது. கடைசியில், "பின் பிரேக்கை நம்பாதே," என்றான். ஒதுங்கி நின்றான்.

கீழ்ரோட்டில் கார் இறங்கியதை நாங்கள் காதால்தான் பார்த்தோம். முதல் வளைவு, இரண்டாம் வளைவு. பிறகு அந்த என்ஜின் ஏறத் தொடங்கியது, எட்டாயிரத்தைத் தாண்டி, நாங்கள் கேட்டுப் பழகிய இடத்தைத் தாண்டி, ஒன்பதையும் தாண்டி, பனியில் எங்கோ ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு ஏறுவதுபோல, ஒரு பெண் மூச்சே விடாமல் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பதுபோல ஏறி, கேட்காமல் போயிற்று. உள்ளே தீர்த்தாயி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். வெள்ளையன் கூடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வழியனுப்பியவர்கள் காத்திருப்பார்கள், எங்களுக்குக் காத்திருக்க ஒன்றுமில்லை, கார் வந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. பள்ளத்தில் தேடலாம் என்று யாரோ சொன்னார்கள். மேல்ரோட்டுப் பதினொன்றாம் வளைவில்தான் பள்ளம் ஆழம் என்றார்கள். கயிறு எடுத்து வந்தார்கள். கம்பளி எடுத்து வந்தார்கள். அந்தக் கம்பளி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

சவரிநாதன் மட்டும் குழாயடியில் நின்ற காரின் பக்கத்திலேயே நின்றான். அழத் தெரியாத மெக்கானிக், கை சும்மா இருக்கத் தெரியாமல், நசுங்கிய தகட்டைத் தடவினான், கதவைத் திறந்தான், கியரைப் பிடித்தான். பிடித்த கை அப்படியே நின்றது. கியர் நியூட்ரலில் இருந்தது. சாவி திருப்பி அணைக்கப்பட்டிருந்தது.

பள்ளத்தில் விழுகிறவள் சாவியை அணைத்துவிட்டு விழமாட்டாள்.

அவன் திரும்பி, கயிறு வைத்திருந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, கோயில் சரிவில் ஏறி ஓடினான். பள்ளம் பள்ளம் என்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், அவனுக்குப் பின்னால் ஓடினோம்.

மேட்டின் உச்சியில், பனிக்குள், மாதா கோயில் கட்டைச்சுவரில் சாய்ந்து மரியபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். வலதுகை முழங்கைக்குக் கீழே இருக்கவேண்டிய பக்கத்தில் இல்லை, எலும்பு தெரிந்தது. காக்கிச் சட்டையைக் கழற்றி, சுருட்டி, பாதியை வாய்க்குள் திணித்துக் கடித்திருந்தாள். அந்தக் கையோடு அவள் காரில் வந்து இறங்கியிருந்தால், போகவேண்டியவளை அவன் தூணில் கட்டிப்போட்டிருப்பான். நாங்களும் கயிறு எடுத்துக் கொடுத்திருப்போம். அதனால் இங்கேயே இறங்கி, காரை மட்டும் சரிவில் விட்டுவிட்டு, கீழே அவளைப் பற்றி நாங்கள் பேசிய ஒவ்வொரு பேச்சையும், அவளே பேசியதையும் கேட்டபடி, அந்த முக்கால் மணி நேரமும் ஒரு முனகல்கூடக் கீழே வராமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

சவரிநாதன் மண்டியிட்டு அவள் வாயிலிருந்து துணியை எடுத்தான். பற்களிலிருந்து மெல்லப் பிரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

"போயிட்டாளாங்க?" என்றாள்.

"போயிட்டா," என்றான் அவன். "போயி ரொம்ப நேரமாச்சு."

அதற்குப் பிறகுதான் அவள் அலறினாள்.